சுரங்கத்தில் குழி அடிப்பவர்: ஒரு வேலையை அறிவோம்

சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை, அஸர் தொழுகை முடிந்த நேரம். நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு தாயும் மகனும் வந்தார்கள். மகனுக்கு 22 வயது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்துவிட்டு தோல் ஷாப்பில் தினக்கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். தாயின் கையில் ஒரு தாள். ஏஜெண்ட் ஒருவர் கொடுத்தது. வெளிநாட்டுச் சுரங்கம் ஒன்றில் 'அண்டர்கிரவுண்ட் டிரில்லர்' வேலை, முன் அனுபவம் தேவையில்லை, தங்குமிடம் இலவசம் என்று அதில் இருந்தது. சம்பளத் தொகை மட்டும் தடித்த எழுத்தில்.

"பாய், இது என்ன வேலை? போர்வெல் போடுற மாதிரியா? இவனை அனுப்பலாமா வேணாமா, நீங்களே சொல்லுங்க" என்றார் அந்தத் தாய்.

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. கல்வி உதவி, மருத்துவ உதவி, முதியோர் பென்ஷன் என்று வருகிறவர்களுக்கு வழி சொல்லிப் பழகியிருக்கிறோம். பூமிக்கடியில் பாறையைத் துளைக்கிற வேலையைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்ததுபோல் பேசி ஒரு பிள்ளையை அனுப்பவும் கூடாது. சும்மா பயமுறுத்தி நிறுத்தவும் கூடாது. இரண்டு வாரம் அவகாசம் கேட்டோம்.

பதிலைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் பங்காருப்பேட்டை போய், அங்கிருந்து மாரிக்குப்பம் போகிற சின்ன ரயிலைப் பிடித்தால் கோலார் தங்கவயல். அந்தச் சுரங்கத்தில் 27 ஆண்டு ஜாக்ஹாமர் பிடித்த பெரியவர் ஒருவரை நண்பர்கள் மூலம் கண்டோம். நாங்கள் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். இடையிடையே இருமினார். அவரிடம் கேட்டதையும், சுரங்க விதிகளில் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். இப்படித் தாளோடு அலையும் வீடு நம் ஊரில் அது ஒன்று மட்டுமாக இருக்காது.

போர்வெல் வேறு, இது வேறு

முதலில் அந்தத் தாயின் கேள்விக்கே வருவோம். போர்வெல்லில் இயந்திரம் தரையில் நிற்கிறது, துளை மட்டும் கீழே போகிறது. சுரங்கத்தில் ஆளே பாறைக்குள் போய் நிற்கிறார். தலைக்கு மேலும் பாறை, முன்னாலும் பாறை.

நம் பக்கத்துக் கிணறு வெட்டும் வேலையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். டிராக்டரில் கம்ப்ரசர் வந்து நிற்கும். ரப்பர் ஓஸ் கிணற்றுக்குள் இறங்கும். கீழே ஒருவர் ஜாக்ஹாமரைப் பிடித்துக் குழி அடிப்பார். அந்தக் குழியில் வெடி வைப்பார்கள். சுரங்கத்தின் அடிப்படையும் இதுதான். குழி அடி, மருந்து வை, வெடி, உடைந்த கல்லை அள்ளு, மறுபடி குழி அடி. இந்தச் சுற்று ஒருமுறை முடிந்தால் சுரங்கப் பாதை ஒன்றரை, இரண்டு மீட்டர் முன்னேறும். நாம் பத்திரிகையில் பார்க்கும் கிலோமீட்டர் கணக்கான சுரங்கப் பாதைகள் பலவும் இப்படி இரண்டு மீட்டர் இரண்டு மீட்டராகப் போனவைதான்.

சுமார் மூன்று மீட்டர் அகலமும் உயரமும் உள்ள பாதையின் முகப்பில் 30, 40 குழிகள் தேவைப்படும். ஒவ்வொன்றும் கட்டைவிரலைவிடச் சற்றே தடிமனான, ஆளுயரம் ஆழமுள்ள குழி. பயன்படுவது காற்றழுத்தத்தில் ஓடும் டிரில். அதைத் தாங்கிப்பிடித்து முன்னே தள்ள 'ஏர்லெக்' எனும் காற்றுக் கால் ஒன்று உண்டு. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 50 கிலோ. ராடு நுனியில் டங்ஸ்டன் கார்பைடு பிட் இருக்கும். இயந்திரம் ராடை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை அடிக்கும், ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் திருப்பும். அடித்துத் திருப்புவது என்ற இந்த வித்தை இயந்திரத்துக்கு முந்தையது. அந்தக் காலத்தில் ஒருவர் உளிக்கம்பியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க, மற்றவர் சம்மட்டியால் அடிப்பார். பிடிப்பவரின் கை, அடிப்பவரின் கண்ணை நம்பி இருந்தது.

ஒரு ஷிப்டு எப்படித் தொடங்குகிறது

இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவர் டிரில்லர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பெரியவர் சிரித்தார். "ஓட்டறது ஒரு மாசத்துல வந்துடும் தம்பி. ஓட்டாம நிக்கறதுக்குத்தான் வருஷக்கணக்காகும்" என்றார். எப்போது இயந்திரத்தைத் தொடக்கூடாது என்று அறிவதுதான் இந்தத் தொழிலின் பாதி.

லேம்ப் ரூமில் தொப்பி விளக்கை வாங்க வேண்டும். அடையாள வில்லையை மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஷிப்டு முடிவில் மேலே வராதவர் யார் என்று அந்த வில்லைதான் சொல்லும். பிறகு கேஜில் இறக்கம். முந்தைய ஷிப்டு வெடி வைத்துவிட்டுப் போயிருக்கும். வெடிப்புகையில் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடும் இருக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. காற்றோட்டம் புகையை முழுதாகத் தள்ளி, மேற்பார்வையாளர் போகலாம் என்று சொன்ன பிறகே முகப்புக்குப் போக வேண்டும்.

போனதும் முதல் வேலை தண்ணீர் அடிப்பது. கூரை, பக்கச் சுவர், உடைந்து கிடக்கும் கல் எல்லாவற்றையும் நனைக்க வேண்டும். தூசு அடங்கும், பாறையில் உள்ள விரிசலும் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. நீளமான கடப்பாரையால் கூரையைத் தட்டுவார்கள். கெட்டியான பாறை 'கணீர்' என்று சொல்லும். உள்ளே விரிசல் விட்டு, விழக் காத்திருக்கும் பாறை 'டொக்' என்று சொல்லும். சந்தையில் பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்போமே, அதே அறிவுதான். பானை உடைந்தால் காசு போகும். இங்கே தலையில் விழும். டொக் என்ற பாறையை, தான் பாதுகாப்பான பக்கம் நின்றுகொண்டு, நெம்பி விழவைத்துவிட வேண்டும். நெம்ப முடியாவிட்டால் தாங்கு கொடுக்க வேண்டும், அல்லது வெளியே வந்து சொல்ல வேண்டும். "இன்னிக்கு வேலை நடக்காதுன்னு சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும். புதுசா வந்த பசங்களுக்கு அது வராது. மேஸ்திரி திட்டுவாரேன்னு உள்ளே போவாங்க" என்றார் பெரியவர். நாங்கள் குறித்துக்கொண்டவற்றில் இதன் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருக்கிறோம்.

மூன்றாவது, வெடிக்காத மருந்து மிச்சம் இருக்கிறதா என்று தேடுவது. முந்தைய குழிகளின் அடிப்பகுதி சில பாறையில் அப்படியே நிற்கும். அதை 'சாக்கெட்' என்பார்கள். ராடு வழுக்காமல் நிற்கத் தயாரான பள்ளமாக அது இருப்பதால், புதியவர்களுக்கு அதிலேயே குழியைத் தொடங்க ஆசை வரும். அதற்குள் வெடிக்காத மருந்து ஒட்டியிருந்தால் முதல் அடியிலேயே எல்லாம் முடிந்துவிடும். பழைய சாக்கெட்டில் ஒருபோதும் ராடை வைக்கக்கூடாது. வெடிக்காத குழி இருந்தால், அதற்கு இணையாக, குறைந்தது 30 செ.மீ. தள்ளியே புதுக்குழி அடிக்க வேண்டும். அதுவும் பொறுப்பான அதிகாரி பார்த்துச் சொன்ன பிறகுதான். மருந்து நிரப்பி வெடிப்பது டிரில்லரின் வேலை அல்ல. அதற்குத் தனித் தகுதிச் சான்று பெற்ற பிளாஸ்டர் உண்டு. டிரில்லரையே மருந்தும் நிரப்பச் சொல்லும் இடம் இருந்தால், அங்கே விதி மீறப்படுகிறது என்று பொருள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஓஸைப் பூட்டுவது. பூட்டும் முன் ஓஸில் ஒருமுறை காற்றைத் திறந்துவிட்டு உள்ளே இருக்கும் மண்ணை ஊதித் தள்ள வேண்டும். இணைப்புக் கழன்றால் ஓஸ் பாம்புபோல் சுழன்று அடிக்கும். அதற்காக இணைப்பில் சங்கிலி போடுவார்கள்.

கையும் காதும் கண்ணும்

முகப்பில் எங்கே எத்தனை குழி என்பதைப் பெயிண்டால் குறித்திருப்பார்கள். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கெட்டிப் பாறையின் நடுவில் சும்மா வெடி வைத்தால் பாறை எங்கே போகும்? நகர இடமே இல்லை. அதனால் நடுவில் சில குழிகளை நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாக அடித்து, அவற்றில் ஒன்றிரண்டை மருந்து வைக்காமல் காலியாக விட்டுவிடுவார்கள். முதலில் வெடிப்பது இந்த நடுப்பகுதி. காலிக் குழிக்குள் பாறை நொறுங்கி, ஒரு பள்ளம் உண்டாகும். அடுத்த சில நொடிகளில் சுற்றியுள்ள குழிகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பள்ளத்தை நோக்கி உடையும். கடைசியில் தரையை ஒட்டிய குழிகள் வெடித்து, குவிந்த கல்லைத் தூக்கிப்போடும். நடுக்குழிகள் கொஞ்சம் கோணினால் போதும், முழு வெடிப்பும் வீண். மருந்து போச்சு, ஒரு ஷிப்டு போச்சு. ஓரக் குழிகள் கோணினால் இன்னும் மோசம். தேவையில்லாத இடம்வரை பாறை அதிர்ந்து, நாளை தலையில் விழப்போகும் கூரையை இன்றே தளர்த்திவிடும்.

குழியைத் தொடங்குவது இதில் நுணுக்கமான கட்டம். முழுக் காற்றையும் திறந்தால் பிட் வழுக்கி ஓடும். குட்டை ராடு போட்டு, காற்றைப் பாதி திறந்து, விரலளவு பள்ளம் விழும்வரை மெதுவாகப் போக வேண்டும். அடுத்தடுத்த குழிகள் இணையாகப் போக, முதலில் அடித்த குழியில் ஒரு நீளக் குச்சியைச் செருகி வைத்து, அதன் திசையைப் பார்த்தே அடிப்பார்கள். இவ்வளவு எளிய கருவி. கண் பழகிவிட்டால் குச்சியும் வேண்டாம் என்கிறார் பெரியவர். குச்சி இல்லாமல் அடிப்பதில் ஒரு பெருமை இருந்ததாம்.

நிற்கும் விதமும் பாடம்தான். ராடு உடைந்தால் இயந்திரம் முழு வேகத்தில் முன்னே பாயும். அதன்மேல் சாய்ந்து நிற்பவர் முகம் பாறையில் மோதும். எனவே ஒரு பக்கமாக, கால்களை அகட்டி, பின்னால் நகர இடம் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். தளர்ந்த துணி கூடாது. சுழலும் ராடு அதைச் சுருட்டிக்கொள்ளும்.

துளை போகும்போது காது கேட்டுக்கொண்டே இருக்கும். சத்தம் ஒரே சீராக இருந்தால் பாறையும் ஒரே சீர். திடீரென்று ராடு வேகமாக உள்ளே போனால் மென்மையான அடுக்கோ விரிசலோ வந்துவிட்டது. அங்கே அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் ராடு சிக்கிக்கொள்ளும். குழியிலிருந்து வழியும் தண்ணீரும் பேசும். கோலாரில் தங்கம் இருந்தது வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லில். சுற்றியிருந்தது கரும்பச்சை நிறப் பாறை. வழியும் சேறு கருப்பாக வந்துகொண்டிருந்து வெளுத்தால், ராடு குவார்ட்ஸைத் தொட்டுவிட்டது. தண்ணீர் வெளியே வராமல் உள்ளேயே போய்விட்டால் பெரிய விரிசல். இதையெல்லாம் டிரில்லர் மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். பாறைக்குள் நடப்பதை அந்த நேரத்தில் அறிந்தவர் அவர் ஒருவர்தான்.

மூன்று கிலோமீட்டர் கீழே

கோலாரில் 1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி சுரங்கத்தை நடத்தியது. வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து தமிழர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். 1902இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து சுமார் 147 கி.மீ. தூரம் கம்பி இழுத்து, சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பமே 60 டிகிரி செல்சியஸுக்கு மேல். 1965இல் காஸ்மிக் கதிர்கள் வந்து குழப்பாத இடம் வேண்டும் என்று விஞ்ஞானிகள் இந்தச் சுரங்கத்துக்குள்ளேதான் கருவிகளை வைத்து, வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்தார்கள். அந்தக் கருவிகளுக்கு இடம் குடைந்ததும் யாரோ ஒரு டிரில்லரின் கைதான்.

ஆழம் கூடக் கூட மேலிருக்கும் பாறையின் பாரமும் கூடும். அந்த அழுத்தத்தில் பாறை தானாகவே வெடித்துச் சிதறும். பாறை வெடிப்பு என்ற இந்த ஆபத்துக்கு உலகச் சுரங்கத் துறையில் கோலாருக்குத் தனிப் பெயர் உண்டு. அடித்த குழியே இறுகி ராடைப் பிடித்துக்கொண்டாலோ, பாறை 'படக் படக்' என்று பேசத் தொடங்கினாலோ வெளியே வந்துவிடுவோம் என்றார் பெரியவர். தங்கத்தின் விலைக்கும் எடுக்கும் செலவுக்கும் கட்டுப்படியாகாமல் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது.

கண்ணுக்குத் தெரியாத தூசு

இதைப் படிக்கும் தாய்மார்கள் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம்.

கூரை விழுந்தால் ஊருக்கே தெரியும். தூசு அப்படியில்லை. குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. டிரில் அதைப் பொடிக்கும்போது எழும் தூசில், கண்ணுக்குத் தெரிவது மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். தெரியாத மிக நுண்ணிய துகள்தான் நுரையீரலின் அடிவரை போகும். அங்கே போனது திரும்ப வராது. நுரையீரல் அதைச் சுற்றித் தழும்பு போட்டுக்கொண்டே வரும். தழும்பு விழுந்த இடம் காற்றை வாங்காது. இதுதான் சிலிகோசிஸ். முதலில் மாடிப்படி ஏறினால் இளைக்கும்; பிறகு நடந்தால் இளைக்கும்; பிறகு உட்கார்ந்தாலும் இளைக்கும். பொதுவாக 10, 20 ஆண்டுகள் கழித்து வரும். தூசு மிக அதிகமான இடத்தில் சில ஆண்டுகளிலேயே வந்துவிடும். வேலையை விட்டு வந்த பிறகும் முற்றும். குணமாக்கும் மருந்து இல்லை. சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் பிடிப்பதும் எளிது. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் நுரையீரலுக்கு இரட்டைச் சுமை.

இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் விரிவாகப் பதிவானதே கோலாரில்தான். 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்த மருத்துவர்கள், நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேருக்குச் சிலிகோசிஸ் இருந்ததாக 1947இல் எழுதினார்கள். நூற்றுக்கு 44.

தடுக்கும் வழி என்ன? தண்ணீர். ராடின் நடுவே ஒரு மெல்லிய துவாரம் போகிறது. அதன் வழியே தண்ணீர் பிட் நுனிக்குப் போய், பொடியைச் சேறாக்கி வெளியே கொண்டுவரும். இதை 'வெட் டிரில்லிங்' என்கிறார்கள். தண்ணீர் ஓடினால் தூசு பெரும்பகுதி அடங்கும். இல்லாவிட்டால் டிரில்லர் மேகத்துக்குள் நிற்பார். மூக்கில் கைக்குட்டை கட்டுவது நுண்ணிய தூசைத் தடுக்காது. அதற்கு உரிய வடிகட்டி முகமூடி வேண்டும், முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். (தாடி வைத்திருப்பவர்களுக்குச் சாதாரண முகமூடி சரியாகப் பொருந்தாது. காற்றை ஊதித் தரும் தலைக்கவச வகை ஒன்று உண்டு. அது கிடைக்குமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.) ஆனாலும் தண்ணீருக்கும் காற்றோட்டத்துக்கும் பிறகுதான் முகமூடி. முகமூடி இருக்கிறதே என்று தண்ணீரை நிறுத்தக்கூடாது.

தண்ணீரை ஏன் நிறுத்துவார்கள் என்று கேட்டோம். குளிர், ஈரம், பம்பு பழுது, சேறு முகத்தில் தெறிப்பது, அவசரம். எல்லாம் சின்னச் சின்னக் காரணங்கள். "தண்ணி இல்லேன்னா மெஷினைத் தொடாதே. நான் ரெண்டு மூணு வருஷம் தொட்டேன்" என்றார் பெரியவர். அதற்குமேல் நாங்கள் கேட்கவில்லை.

இன்னொரு விஷயம். இருமல், எடை குறைவு, எக்ஸ்ரேயில் நிழல் என்றதும் காசநோய் என்று முடிவுகட்டிவிடுவது நடக்கிறது. காசநோயும் இருக்கலாம். ஆனால் சுரங்கம், கல்குவாரி, கல் அறுக்கும் பட்டறை ஆகியவற்றில் வேலை செய்தவர் என்பதை டாக்டரிடம் நாமே வாய்திறந்து சொல்ல வேண்டும். சிலிகோசிஸ் தொழில்நோய் என்று சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. தொழில்நோய் என்று எழுத்தில் வந்தால்தான் இழப்பீடு கேட்க முடியும்.

சத்தமும் அதிர்வும் மற்ற இரண்டு கெடுதல்கள். காற்று டிரில்லின் சத்தம் 110 டெசிபலைத் தாண்டும். காதடைப்பான் இல்லாமல் போனால் கேட்கும் திறன் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். முதலில் போவது மெல்லிய ஒலிகள். வீட்டில் பேரப்பிள்ளை கூப்பிடுவது கேட்காது. அதிர்வு விரல்களின் இரத்தக் குழாயைக் கெடுத்து, குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகும். பெரியவர் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தது ஏன் என்று எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

இன்று இந்த வேலை எங்கே இருக்கிறது

நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். அங்கே இந்த வகை வேலை இல்லை. பூமிக்கடியில் உலோகம் எடுக்கும் சுரங்கம் என்றால் கர்நாடகத்தில் ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டி தங்கச் சுரங்கம், ராஜஸ்தானின் துத்தநாகச் சுரங்கங்கள், ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கம் போன்றவை. இதே திறமை மலையைக் குடைந்து போடும் ரயில், சாலை, நீர்மின் குகைகளிலும் தேவைப்படுகிறது. நீலகிரியில் குந்தா நீரேற்று மின் திட்டத்துக்கும் மலையைக் குடைந்திருக்கிறார்கள்.

பெரிய சுரங்கங்களில் இப்போது 'ஜம்போ' என்ற வண்டி வந்துவிட்டது. இரண்டு மூன்று நீண்ட கைகள், ஒவ்வொன்றிலும் ஒரு டிரில். ஓட்டுபவர் கூரை போட்ட அறையில் உட்கார்ந்து இயக்குகிறார். குழி மூன்று, நான்கு மீட்டர் போகும். தூசும் அதிர்வும் வெகுவாகக் குறைவு. இதை ஓட்ட ஹைட்ராலிக், எலக்ட்ரிக்கல் பழுது பார்க்கத் தெரிய வேண்டும். ஐ.டி.ஐ. ஃபிட்டர், டீசல் மெக்கானிக் படித்த பிள்ளைகளுக்கு உண்மையான வாய்ப்பு இங்கேதான் என்பது எங்கள் கருத்து. வெறும் தோள் பலத்தை நம்பி ஜாக்ஹாமர் பிடிக்கப் போவதைவிட, இரண்டாண்டு கூடுதலாகப் படித்து ஜம்போவின் பக்கம் போவது மேல்.

ஆனால் இயந்திரம் எல்லாவற்றையும் செய்துவிடாது. 2023 நவம்பரில் உத்தரகாண்டின் சில்க்யாரா சுரங்கப் பாதையில் 41 தொழிலாளர்கள் 17 நாள் சிக்கியிருந்ததை மறந்திருக்க மாட்டோம். பெரிய துளைக்கும் இயந்திரம் உலோகக் கம்பிகளில் சிக்கி உடைந்த பிறகு, கடைசிச் சுமார் 12 மீட்டரைக் கையாலேயே குடைந்து வழி திறந்தவர்கள் 12 பேர் கொண்ட குழுவினர். அவர்களில் நம் சமுதாயத்துச் சகோதரர்களும் இருந்தார்கள், மற்றவர்களும் இருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் எந்தச் சமுதாயம் என்று அந்தக் குழாய்க்குள் யாரும் கேட்கவில்லை.

அந்தத் தாய்க்கு நாங்கள் சொன்னது

இரண்டு வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். போ, போகாதே என்று நாங்கள் சொல்லவில்லை. ஏஜெண்டிடம் கேட்க வேண்டியவற்றை எழுதிக் கொடுத்தோம்.

டிரில்லுக்குத் தண்ணீர் இணைப்பு உண்டா? கையால் பிடிக்கும் டிரில்லா, ஜம்போவா? வேலைக்கு முன் எத்தனை நாள் பயிற்சி, அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா? நம் நாட்டில் 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்தவரைச் சுரங்க வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. பூமிக்கடியில் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்றது. பயிற்சி கொடுத்த பிறகே இறக்க வேண்டும், சேரும்போதும் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது மார்பு எக்ஸ்ரே உட்பட மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதும் இங்கே விதி. போகும் நாட்டில் இவை எப்படி என்று கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. 'முன் அனுபவம் தேவையில்லை' என்ற வரி எங்களுக்கு முதலில் நல்ல செய்தியாகத் தெரிந்தது. தங்கவயல் போய் வந்த பிறகு, அந்தத் தாளில் பயமான வரி அதுதான் என்று தோன்றியது.

ஏஜெண்ட் மத்திய அரசின் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவரும் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் தவிரச் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடாது. ரசீது கொடுக்க வேண்டும். இவரிடம் கேட்டிருந்தது ஒன்றரை லட்சம். நகையை அடகு வைக்கத் தயாராகத்தான் அந்தத் தாய் வந்திருந்தார்.

போவதானாலும், போகும் முன் நம் ஊரிலேயே ஒரு மார்பு எக்ஸ்ரேயும், மூச்சுத்திறன் சோதனையும், காதுச் சோதனையும் எடுத்து, ஃபிலிமையும் ரிப்போர்ட்டையும் வீட்டில் பத்திரமாக வைக்கச் சொன்னோம். நாளை ஏதாவது வந்தால், போகும்போது நுரையீரல் சுத்தமாக இருந்தது என்பதற்கு அது ஒன்றே சாட்சி.

மகன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தண்ணீர் இணைப்பு பற்றிய கேள்விக்கு ஏஜெண்ட் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னாராம். ஒரு மாதம் கழித்து விசாரித்தபோதும் பதில் வந்திருக்கவில்லை. பிள்ளை இப்போது தோல் ஷாப்பிலேயே கம்ப்ரசர், பாய்லர் பராமரிப்புப் பக்கம் மாறியிருக்கிறார். மாலையில் ஹைட்ராலிக்ஸ் வகுப்புக்குப் போகிறார்.

சுரங்கம், குவாரி, குகைப் பாதை வேலைக்கான ஒப்பந்தத் தாள் யாரிடமாவது இருந்தால் கையெழுத்திடும் முன் கொண்டு வாருங்கள். வியாழன்தோறும் அஸருக்குப் பின் மஃரிப் வரை அலுவலகத்தில் இருப்போம், இன்ஷா அல்லாஹ். இந்த வேலைகளில் இருந்து திரும்பி, இருமலோடு இருப்பவர்கள் பழைய எக்ஸ்ரே ஃபிலிம்கள் இருந்தால் அவற்றையும் எடுத்து வரவும்.